சித்திரை வெயிலில் ஆக்சலாட்டில்: முதலில் தண்ணீர் குளிரட்டும், அப்புறம் வாங்கலாம்

காரைக்குடிப் பக்கம் இருக்கிறீர்கள், ஆக்சலாட்டில் (தவளை மாதிரி நீர்நில வாழ் வகை, ஆனால் செவுளோடு தண்ணீருக்குள்ளேயே இருக்கும் சாலமாண்டர்) வளர்க்க ஆசை வந்துவிட்டது. அப்படியென்றால் பிராணியை வாங்கும் முன் ஒரு சித்திரை மாதம் வெறும் தண்ணீர்த் தொட்டியை மட்டும் வீட்டில் ஓட்டிப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் தண்ணீரின் சூட்டை நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு வாரம் 20 டிகிரியைத் தாண்டாமல் நிறுத்த முடிந்தால் தாராளமாக வாங்கலாம். முடியவில்லையா, வண்ண மீன் வளர்த்துவிட்டுப் போகலாம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

நான் இந்த வரிசையில் செய்யவில்லை. மார்கழிக் குளிரில் வாங்கினேன், அப்போது தண்ணீர் 24ஐ ஒட்டி நின்றது, 'சமாளித்துவிடலாம்' என்று தோன்றியது. உடம்பு முழுக்க வெள்ளை, ஓரத்தில் ரோஸ் செவுள், வீட்டில் வைத்த பெயர் பணியாரம். பங்குனி பாதியில் பணியாரம் சாப்பாட்டைத் தொடவில்லை, சித்திரை பிறந்ததும் மேலே வந்து மிதக்க ஆரம்பித்தது. அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, குளுருல கெடந்த சீவன இங்க கொண்டாந்து வேக வைக்கிறியே"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது.

அப்பத்தா சொன்னதில் தப்பே இல்லை. ஆக்சலாட்டிலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அதாவது நம்ம ஊட்டி இருக்கிற உயரம். அதற்குப் பிடித்த தண்ணீர் 16 முதல் 18 டிகிரி வரை. 20 வரை பொறுத்துக்கொள்ளும். 24ஐத் தாண்டிச் சில நாள் போனால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 38, 39 என்று போகும், வீட்டுக்குள் 34 என்பது சர்வ சாதாரணம். ஊட்டிக்காரனைக் காரைக்குடி மொட்டைமாடியில் மே மாதம் நிற்க வைத்த கதைதான்.

சூடு கூடினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 18 டிகிரியில் லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் வரை நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் பிராணியின் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷத்தன்மையும் கூடுகிறது, பூஞ்சைக்கும் கொண்டாட்டம். எல்லாம் ஒன்றாக வந்து தாக்குவதால்தான் நேற்று வரை நன்றாக இருந்தது இன்று காலையில் செவுளில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளைப் பூஞ்சையோடு கிடக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

தொட்டியை எங்கே வைப்பது

பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும், காசும் ஆகாது. பழைய செட்டிநாட்டு வீடு என்றால் முகப்பில் வைக்காதீர்கள், பார்க்கிறவர்களுக்கு அழகுதான், ஆனால் தெரு வெக்கை முழுக்க அங்கேதான் வரும். வளவின் ஓரத்திலும் வேண்டாம், திறந்த முற்றம் என்பதால் உச்சி வெயிலின் வெளிச்சமும் சூடும் நேராக இறங்கும். வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் மேற்குச் சுவர் இல்லாத ஒன்றைப் பாருங்கள். கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சின்ன ஜன்னல், கீழே ஆத்தங்குடிக் கல், இவ்வளவும் சேர்ந்து பகல் சூட்டை உள்ளே விடாமல் தடுத்து வைக்கும்.

ஆனால் ஒரு ஏமாற்றம் உண்டு. ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்றால் ஜில்லென்று இருக்கும், 'ஆஹா, இங்கேயே வைத்துவிடலாம்' என்று தோன்றும். நம் உடம்புச் சூடு 37 இருக்கும்போது 29 டிகிரிக் கல்லும் ஜில்லென்றுதான் இருக்கும். மே மாதத்தில் எங்கள் வீட்டின் ஆகக் குளிர்ந்த அறையிலேயே, கதவைச் சாத்தி வைத்தும், தெர்மாமீட்டர் 30க்குக் கீழே இறங்கவில்லை. பழைய வீடு சூட்டைக் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான், மிச்ச வேலைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

புது கான்கிரீட் வீடு என்றால் மாடியை மறந்துவிடுங்கள். தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும். பழைய வீட்டிலும் மாடி வேண்டாம், மரச்சட்டத்தின் மேல் போட்ட தளத்தில் எங்கள் தொட்டி மாதிரி 140 லிட்டர் தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டாண்டும் நிரந்தரமாக உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபேன் எவ்வளவு தூரம் காப்பாற்றும்

எல்லாரும் முதலில் சொல்வது, 'தண்ணீர் மேல ஒரு ஃபேன் போட்டா போதும்' என்பது. நானும் போட்டேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒரே கணக்குத்தான்: தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் இதற்கு ஒரு அடிமட்டம் உண்டு, அதற்குக் கீழே எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் போகாது.

அந்த அடிமட்டம் உங்கள் வீட்டில் என்ன என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு சாதாரண தெர்மாமீட்டரின் முனையில் பழைய வேட்டித் துணி ஒரு துண்டை ஒற்றையாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, ஃபேன் காற்றுக்கு நேரே பத்து நிமிடம் பிடியுங்கள். எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் ஃபேனால் முடிந்த கடைசி. மே மாத மதியம் எங்கள் வீட்டில் 26 காட்டியது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது, 38 டிகிரி வெயிலும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரத்துணி எண் 26க்குப் பக்கத்தில்தான் வரும். நடைமுறையில் தொட்டித் தண்ணீர் அதற்கும் ஒன்றிரண்டு டிகிரி மேலேதான் நிற்கும். பணியாரத்துக்கு வேண்டியதோ 18. ஆக, ஏசி இல்லாத அறையில் ஃபேன் மட்டும் என்பது கோடையில் இந்த ஊருக்கு ஆகாது, இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

ஏசி அறைக்குள் அதே ஃபேன் வேறு ஆள். ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு காயவும் வைக்கிறது. அறை 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஈரத்துணி எண் 17க்கு வந்துவிடும், தண்ணீர் 19, 20இல் நிற்கும். அறையை 22இல் வைத்தால் இன்னும் வசதி. வீட்டில் ஏற்கெனவே ஒரு அறையில் ராப்பகலாக ஏசி ஓடுகிறது என்றால், அங்கே ஒரு சின்ன கிளிப் ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பில் சாய்வாக வீசும்படி மாட்டுவதே போதும், சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின்) தேவைப்படாது. திறந்த தொட்டியிலிருந்து ஆக்சலாட்டில் வெளியே குதித்துவிடும் என்பதால் மேலே கொசுவலை கட்டுங்கள். தினமும் ஆவியாகிற அளவுக்குக் குளோரின் போக்கிய தண்ணீரை ஊற்றி ஈடு செய்யுங்கள். ராத்திரி மட்டும் ஏசி போடுகிற வீட்டுக்கு இது ஒத்துவராது, பகலில் ஏறி ராத்திரி இறங்கி என்று தண்ணீர் ஊஞ்சலாடினால் ஒரே மாதிரிச் சூட்டைவிட அது மோசம்.

ஐஸ் பாட்டில்

நானும் ஒரு மாதம் இதை நம்பி ஓட்டினேன், ஃப்ரீஸரில் மீனுக்கும் கறிக்கும் இடமில்லாமல் போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு லிட்டர் பாட்டிலில் உறைந்த தண்ணீர் முழுக்க உருகித் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வரும் வரை, 140 லிட்டர் தொட்டியை முக்கால் டிகிரிதான் இறக்கும். அதே தொட்டி 34 டிகிரி அறையில் 18இல் நிற்க வேண்டுமானால், வெறும் கண்ணாடி வழியாகச் சுமார் 150 வாட் அளவுக்குச் சூடு ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும், மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. அதாவது ஒரு பாட்டில் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. நாளுக்கு இருபத்து நாலு பாட்டிலுக்கு மேல் யார் உறைய வைப்பது?

அதனால் பாட்டில் அவசரத்துக்கு மட்டும். ஃப்ரீஸரில் எப்போதும் நாலைந்து நல்லெண்ணெய் வாசம் இல்லாத, வெளியே நன்றாகக் கழுவின பாட்டில் கிடக்கட்டும். ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் குளோரினும் சேர்ந்து இறங்கும். அவசரம் என்றாலும் மணிக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம்.

தெர்மோகோல்

இதைச் சில்லருக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு அங்குலத் தெர்மோகோல் பலகையைத் தொட்டிக்கு அடியிலும் பின்னாலும் இரண்டு பக்கமும் வைத்து, மேலே மூடியிலும் ஒன்றை வெட்டிப் பொருத்துங்கள், காற்றுக்குச் சின்னதாக இடைவெளி விட்டு. பார்ப்பதற்கு முன்கண்ணாடி மட்டும் போதும். உள்ளே வரும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை செய்கிற பொருள் இந்தப் பட்டியலில் வேறு கிடையாது. கரண்ட் போனால்தான் அதன் அருமை தெரியும், வெறும் கண்ணாடித் தொட்டி இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு டிகிரி ஏறுகிற இடத்தில், மூடிய தொட்டி ஒரு டிகிரிகூட ஏறாது.

கூடவே தொட்டிக்குள் சூடு போடுகிற சாமான்களை வெளியே எடுங்கள். தண்ணீருக்குள் முங்கி ஓடும் மோட்டார் ஒவ்வொரு வாட்டையும் சூடாகத் தண்ணீரிலேயே விடுகிறது. லைட் வேண்டவே வேண்டாம், ஆக்சலாட்டிலுக்கு இமை கிடையாது, வெளிச்சம் அதற்குத் தொந்தரவுதான்.

சில்லர்

ஏசி அறை இல்லாதவர்களுக்குக் கடைசியில் இதுதான் வழி. பிராணியின் விலையைவிடப் பல மடங்கு ஆகும், அதனால்தான் முதலில் தொட்டி, அப்புறம் பிராணி என்றேன். 140 லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் உள்ள கம்ப்ரசர் சில்லர் போதும், தெர்மோகோல் போட்டிருந்தால். கம்ப்ரசர் இல்லாத சின்னப் பெல்டியர் வகை விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள், ஒரு வாளித் தண்ணீருக்கு வேண்டுமானால் ஆகும், இந்தத் தொட்டிக்கு ஆகாது.

இணைப்பது சிரமமில்லை. கேனிஸ்டர் ஃபில்டரிலிருந்து (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய ஃபில்டர்) வெளியே வரும் குழாயைச் சில்லருக்குள் விட்டு, சில்லரிலிருந்து வருவதைத் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் முதலில் ஃபில்டரில் வடிந்து அப்புறம் சில்லருக்குப் போக வேண்டும், மாற்றிப் போட்டால் அழுக்கு உள்ளே சேரும். தொட்டிக்குள் வருகிற முனையில் ஓட்டைக் குழாய் மாட்டிச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள், ஆக்சலாட்டிலுக்கு ஓடுகிற தண்ணீர் பிடிக்காது, இழுப்பு அதிகமானால் செவுள் முன்பக்கமாக மடங்கி நிற்பதிலேயே தெரிந்துவிடும். 18இல் வையுங்கள். முதல் நாளே 30லிருந்து 18க்கு இழுக்காமல், உள்ளே பிராணி இருந்தால் நாளுக்கு மூன்று டிகிரியாக இறக்குங்கள்.

சில்லரை வாங்கினவர்களும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். சில்லரும் ஓடட்டும், ஃபேனும் ஓடட்டும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று நினைப்பது. ஈரத்துணி எண் 26 இருக்கிற அறையில் 18 டிகிரித் தண்ணீரின் மேல் ஃபேன் போட்டால், அது தண்ணீரைக் குளிர வைக்காது, சூடாக்கும். சில்லர் எடுத்த சூட்டை ஃபேன் திருப்பிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. சில்லர் வந்ததும் ஃபேனை எடுத்துவிட்டு மூடியைப் போடுங்கள். ஃபேனை நிறுத்தின அன்றைக்கே எங்கள் சில்லர் ஓடுகிற நேரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறைந்தது.

சில்லர் எடுக்கிற சூடு எங்கேயும் மாயமாகிவிடாது, அதன் பின்பக்கமாக அறைக்குள் வரும். சின்ன அறையைச் சாத்தி வைத்தால் அறை சூடாகி, அதனால் தொட்டி சூடாகி, சில்லர் தன் வாலைத் தானே துரத்தும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஜன்னலுக்குப் பக்கத்தில், சூடான காற்று வெளியே போகிற மாதிரி வையுங்கள். முடிந்தால் சில்லரையே அடுத்த அறையில் வைத்துக் குழாயை மட்டும் கொண்டுவரலாம், ஆனால் பழைய வீட்டுச் சுவரில் ஓட்டை போட நினைக்காதீர்கள், அந்தச் சுவரின் கனத்துக்கு மேஸ்திரியே கும்பிடு போட்டுவிட்டுப் போனார், ஜன்னல் கம்பி வழியாகத்தான் விட்டோம். மாதம் ஒருமுறை பின்னால் இருக்கிற வலையில் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், நம் ஊர்ச் செம்மண் புழுதி பதினைந்து நாளிலேயே அடைத்துக்கொள்ளும்.

கரண்ட் செலவு பயமுறுத்துகிற அளவு இல்லை. 200 வாட் சில்லர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட் கூடும். ஒரு டன் ஏசியைப் பகலும் இரவும் ஓட்டுவதோடு பார்த்தால் இது கம்மி.

அப்புறம் வியர்வை. 18 டிகிரிக் கண்ணாடியில் நம் ஊர் ராத்திரி ஈரம் படிந்து, காலையில் பார்த்தால் முன்கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். தொட்டி ஒழுகுகிறது என்று நான் பதறியது தனிக்கதை. பிளைவுட் ஸ்டாண்ட் என்றால் ஒரே கோடையில் ஊறி உப்பிவிடும், இரும்பு அல்லது தேக்கு ஸ்டாண்ட் வையுங்கள். கீழே ஒரு துண்டு கிடக்கட்டும், ஈரமான ஆத்தங்குடிக் கல் பெரியவர்களை வழுக்கிவிடும். வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழிகிற சொட்டு பிளக்குக்குள் போகாது.

தண்ணீர் மாற்றுவது

கோடையில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மதியம் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர். வாளியில் முந்தைய நாள் இரவே பிடித்து, ஆன்டி குளோரின் போட்டு, தொட்டி இருக்கிற அறையிலேயே மூடி வைத்து, விடிகாலையில் மாற்றுங்கள். அப்போதும் 29, 30 இருக்கும், வாளிக்குள் ஒரு ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டுத் தெர்மாமீட்டரில் பார்த்து 20க்கு வந்த பிறகு ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒரேயடியாகப் பாதி மாற்றுவதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து லிட்டர் என்று மாற்றினால் சூடும் ஏறாது, முதுகும் வலிக்காது.

தெர்மாமீட்டரைச் சொல்ல மறந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒட்டுகிற ஸ்டிக்கர் வகை வேண்டாம், அது அறையின் சூட்டையும் கலந்து காட்டும். வயர் முனை தண்ணீருக்குள் போகிற டிஜிட்டல் இரண்டு வாங்கி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டையும் வெயிலில் குறைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் விட்ட மண்புழுவைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

சுட்டுவிட்டது என்றால்

சாப்பிட மறுப்பது, மேலே மிதப்பது, திடீரென்று வெறி பிடித்த மாதிரி சுற்றி நீந்துவது, வால் நுனி சுருள்வது, செவுளின் இழைகள் உதிர்ந்து மெலிவது, இதில் இரண்டு சேர்ந்து கண்டால் காத்திருக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பில் குளோரின் போக்கிய தண்ணீரை, தொட்டியில் இப்போது இருக்கிற சூட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரி மட்டும் குறைவாக எடுத்து, பிராணியை அதில் விட்டு, இருட்டான இடத்தில் ஏர் ஸ்டோனோடு (ஏர் பம்ப் காற்றைக் குமிழியாக விடுகிற கல்) வைத்து, பாட்டிலை மாற்றி மாற்றி மெதுவாக 18க்குக் கொண்டுவாருங்கள். டப் தண்ணீரை தினமும் முழுக்க மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிற பழக்கமும் சில பேரிடம் உண்டு, புதிதாக வளர்ப்பவர்கள் தாங்களாகவே அதில் இறங்க வேண்டாம், வைத்தியர் பார்த்துச் சொன்னால் செய்யலாம். பணியாரம் டப்பில் பதினோரு நாள் இருந்தது, ஒன்பதாவது நாள் ஒரு புழுவை வாங்கிக்கொண்டது.

வாங்குமிடத்தில் தாளும் கேளுங்கள். ஆக்சலாட்டில் காட்டில் அழிவின் விளிம்பில் இருப்பதால் அருகிவரும் உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைடீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் திருத்தின வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2024இல் வந்த விதிகள் இரண்டின்படியும் இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்கிற கடையில் வாங்காதீர்கள்.

கரண்ட் போனால், ஊருக்குப் போனால்

வீட்டு இன்வெர்ட்டரை நம்பிச் சில்லரை மாட்டாதீர்கள், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கிற கரண்டைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. இன்வெர்ட்டரில் ஏர் பம்ப் ஒன்றை மட்டும் போடுங்கள், அது ஓடினாலே ஆக்சிஜன் பிரச்சினை பாதி தீர்ந்தது. தெர்மோகோல் இருக்கிறது, மூடி இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால் மணிக்கு ஒரு பாட்டில்.

கோடையில்தான் கல்யாணமும் திருவிழாவும் வரும், வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் போவதெல்லாம் நடக்காது, யாராவது பார்க்க ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பத்தாதான். தொட்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: 'தெர்மாமீட்டர் பெட்டியில் 18, 19, 20 இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 21 என்றால் எனக்கு போன். 22 என்றால் முதலில் பாட்டில், அப்புறம் போன்.' அதற்குக் கீழே அப்பத்தா பென்சிலில் தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'ஃபேன் போடாதே'.